ஊழ் அல்ல, உப்பு!

ஜப்பான் நாட்டு வரலாற்றில் உவேசுகி கென்ஷின் என்றொரு படைத்தலைவன் உண்டு. பனி கொட்டும் எச்சிகோ நாட்டில் கோலோச்சியவன். போர்க்கடவுளான பிஷமொன்தென் தன் பக்கம் நிற்கிறான் என்று நம்பியவன். அக்கடவுளின் பெயரில் வரும் முதல் எழுத்தையே கொடியில் பொறித்துக்கொண்டு களம் புகுந்தவன். வாள் அவனை வீழ்த்தவில்லை. வேல் அவனை அண்டவில்லை. 1578ஆம் ஆண்டில், அடுத்த படையெடுப்புக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில், காசுகயாமாக் கோட்டையின் கழிப்பறையில் சுருண்டு விழுந்தான். நினைவு திரும்பாமலே சில நாட்களில் மாண்டான். மூளையில் குருதிக் குழாய் உடைந்ததே காரணம் என்பது வரலாற்றாசிரியர் பலரது முடிபு. மதுவை மிகுதியாக விரும்பியவன் என்றும், உப்பில் ஊறிய பிளம் பழமே அவனுக்குத் தொடுகறி என்றும் மரபுவழிச் செய்தி கூறுகிறது. போர்க்கடவுளின் துணை பெற்றவனைச் சாய்த்தது எந்தப் பகைவனின் படையும் அன்று. அவன் உடலுக்குள் ஓடிய குருதியின் அழுத்தம்.

அந்த நோய்க்கு ஜப்பானியர் இட்ட பெயர் 'சூஃபு'. காற்றால் தாக்குண்டவன் என்பது அதன் பொருள். நம்மவர் இட்ட பெயர் என்ன? பக்கவாதம் என்றார்கள், பாரிசவாயு என்றார்கள். வாதமும் காற்று, வாயுவும் காற்று. கிரேக்கர் வைத்த பெயருக்கு 'அடித்து வீழ்த்தப்படுதல்' என்று பொருள். ஆங்கிலேயர் வைத்த பெயருக்கும் 'அடி' என்றே பொருள். கடல்கள் பிரித்த நாடுகள், வெவ்வேறு மொழிகள். எண்ணம் மட்டும் ஒன்று. நின்றவன் விழுந்தான், பேசியவன் ஊமையானான். அடித்தவன் எவனும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரியாத எவனோ அடித்தான், அல்லது எந்தக் காற்றோ அடித்தது என்று முடிவு கட்டினர். காரணம் தெரியாத இடத்தில் கடவுளையும் காற்றையும் குடியேற்றுவது மனிதகுலத்தின் பழைய வழக்கம்.

காரணத்தைக் காற்றிலே தேடியவர்கள், மருந்தைக் கோயிலிலே தேடியதில் வியப்பென்ன? கியோத்தோ நகரத்து அன்ரக்குஜி என்னும் பௌத்தக் கோயிலில், ஜூலை 25ஆம் நாள் ஷிஷிகத்தானிப் பூசணியை வேகவைத்து அடியார்க்கு அளிப்பர். அதை உண்டால் சூஃபு அணுகாதாம்! அதே நகரில் வேறு சில கோயில்களில், டிசம்பர் மாதத்துக் குளிரில் பெரிய கொப்பரைகளில் முள்ளங்கி வேகும். அதை உண்டாலும் சூஃபு அணுகாதாம்! பூசணியும் முள்ளங்கியும் நல்ல காய்கறிகளே. அவற்றின்மேல் நமக்கு வழக்கில்லை. ஆனால் அந்த முள்ளங்கி எதில் வேகிறது? உப்பு நிறைந்த சோயாச் சாறு கலந்த நீரில்! நோயைத் தடுக்கும் பிரசாதத்திலேயே நோய்க்கு வித்தும் கலந்திருந்தது என்பதைக் கும்பிட்ட கைகள் அறியவில்லை.

காற்று அடித்ததா, கடவுள் அடித்தானா என்று வாதிடாமல், விழுந்தவனின் மண்டையோட்டைத் திறந்து பார்த்தவர் ஒருவர் உண்டு. சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹௌசன் ஊர் மருத்துவர் யோஹான் யாக்கோப் வெப்ஃபர் அவர். 1658ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இந்நோயால் இறந்தோரின் மூளைக்குள் குருதி கசிந்து தேங்கியிருந்ததைத் தாம் கண்டபடி எழுதினார். மூளைக்குச் செல்லும் குருதி தடைப்பட்டாலும் கேடு விளையும் என்றும் கருதினார். குழாய் உடைந்தாலும் சாவு, குழாய் அடைத்தாலும் சாவு. இரண்டும் உடலுக்குள் நிகழும் நிகழ்ச்சிகள். காற்றின் மேல் சாட்டிய குற்றம் அன்றே தள்ளுபடியாகியிருக்க வேண்டும்.

ஆனால் குழாய் ஏன் உடைகிறது? அந்த வினாவுக்கு விடை காண, குருதியின் அழுத்தத்தை அளக்கும் கருவி வேண்டியிருந்தது. 1896இல் இத்தாலியர் ரிவா-ரோச்சி கையில் பட்டை கட்டி அளக்கும் முறையைத் தந்தார். 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், அந்தப் பட்டையின் கீழே காதுக்குழல் வைத்துக் கேட்கும் முறையைச் சேர்த்தார். ஊழை அளக்க முடியாது. அழுத்தத்தை அளக்க முடியும். அளக்க முடிந்த ஒன்றை ஒருநாள் அடக்கவும் முடியும்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். மூடநம்பிக்கை கோயிலில் மட்டும் குடியிருப்பதில்லை. கற்றோர் அவையிலும் அது நாற்காலி போட்டு அமர்ந்ததுண்டு. முதுமையில் குழாய்கள் தடித்துவிடுவதால், குருதியைத் தள்ள உயர்ந்த அழுத்தம் தேவை என்று பேரறிஞர் பலர் எண்ணினர். அந்நிலைக்கு 'இன்றியமையாத மிகை அழுத்தம்' என்னும் பொருள்படப் பெயரும் சூட்டினர். இன்றியமையாததாம்! அதைக் குறைப்பது ஆபத்து என்று எச்சரித்தோரும் உண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூசுவெல்ட், உலகின் வலிமை மிக்க அரசைத் தலைமையேற்று நடத்தியவர், 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் தலைவலி என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அவரது அழுத்தம் 300/190. அணிவகுத்து நின்ற மருத்துவர்களிடம் அதை அடக்கும் நல்ல மருந்து இல்லை. அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் காக்கலாம் என்பது, மருந்து பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிட்ட அமெரிக்கச் சோதனை ஒன்றால் 1967இல்தான் ஐயமற நிறுவப்பட்டது. அறிவியலும் தவறும், ஆனால் தவறியதைத் தானே சோதித்துத் தானே திருத்திக்கொள்ளும். ஆசாரத்துக்கும் அறிவியலுக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

இனி ஜப்பானுக்குத் திரும்புவோம். 1951ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஒரு மாற்றம் நேர்ந்தது. அதுவரை மக்களை அதிகமாகக் கொன்று குவித்த காசநோய் பின்வாங்கியது. அதன் இடத்தில் மூளைக் குருதிக்குழாய் நோய் முதற் கொலையாளியாக வந்து அமர்ந்தது. 1980 முடிய, முப்பது ஆண்டுகள் அந்த அரியணையை அது விடவில்லை. அணுகுண்டின் சாம்பலிலிருந்து எழுந்து நின்ற நாடு, ஐம்பதும் அறுபதும் எட்டாத உழைப்பாளர்களை இந்நோய்க்குப் பலி கொடுத்துக்கொண்டிருந்தது.

எல்லா ஊர்களிலும் ஒரே அளவிலா? இல்லை. வடகிழக்கே தோஹொக்குப் பகுதி, அதிலும் அகிதா மாவட்டம், மிகுந்த சாவுக்குப் பெயர் பெற்றது. அகிதா நெல் விளையும் பூமி. விளைந்த நெல்லை விற்றுப் பிழைத்த உழவனின் தட்டில் இருந்தது என்ன? மலைபோல் வெண்சோறு; அதை உள்ளே தள்ள உப்பு மிகுந்த மிசோச் சாறு, உப்பில் ஊறிய காய், உப்பிட்ட மீன். பல மாதங்கள் பனி மூடிக்கிடக்கும் நாட்டில், காயையும் மீனையும் கெடாமல் காக்க உப்பு ஒன்றே துணை. இறைச்சியும் பாலும் ஏழைக்கு எட்டவில்லை. குளிரோ, சுவர்களைத் துளைத்து வீட்டுக்குள் புகுந்தது. இதைச் சுவை வெறி என்று ஏளனம் செய்வோர், வறுமையை வறியவன் குற்றமாக்கும் பழைய பாவத்தையே செய்கின்றனர்.

அமெரிக்க ஆராய்ச்சியாளர் லூயிஸ் டால், 1960இல் ஒரு கணக்கை உலகின் முன் வைத்தார். வட ஜப்பானியர் நாளொன்றுக்கு உண்ட உப்பு ஏறத்தாழ 26 கிராம். தென் ஜப்பானியர் உண்டது ஏறத்தாழ 14 கிராம். அமெரிக்கர் உண்டது 10 கிராம். எஸ்கிமோக்கள் உண்டது 4 கிராம். உப்பு ஏற ஏற, மிகை அழுத்தம் உடையோர் தொகையும் ஏறியது. வடக்கே நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர்; தெற்கே ஏறத்தாழ 20 பேர்; எஸ்கிமோக்களிடம் அந்நோய் காணப்படவே இல்லை. இக்கணக்கு மட்டும் போதாது, மக்களுக்குள் வேறு வேற்றுமைகளும் உண்டு என்று பின்வந்தோர் தடை எழுப்பினர். அது நியாயமான தடையே. ஆனால் அதன்பின் நாடுதோறும் நடந்த ஆய்வுகள், உப்பின் மேல் விழுந்த ஐயத்தை உறுதிப்படுத்தினவே அன்றி, நீக்கவில்லை. மிகுந்த உப்பு உடலில் நீரைத் தேக்குகிறது, சிறுநீரகத்தின் சுமையைக் கூட்டுகிறது, அழுத்தம் ஏறுகிறது, ஆண்டுக்கணக்கில் அந்த அழுத்தத்தைத் தாங்கிய மூளையின் நுண்குழாய் ஒருநாள் உடைகிறது, அல்லது தடித்து அடைகிறது.

அகிதாவுக்கு வடக்கே இருப்பது அவோமோரி மாவட்டம். அங்கும் பனி, அங்கும் உப்பு, அங்கும் வறுமை. ஆயினும் ஆப்பிள் விளையும் சிற்றூர்களில் அழுத்தம் குறைவாக இருப்பதை, ஹிரோசாகிப் பல்கலைக்கழகத்துச் சசாகி நவோசுகே, 1950களில் ஊர் ஊராகச் சென்று அளந்து கண்டார். ஆப்பிளில் தெய்வம் இல்லை, பொட்டாசியம் இருந்தது. உப்பிலுள்ள சோடியத்தை உடல் வெளியேற்ற அது துணை செய்கிறது. கோயில் பூசணிக்கும் அவர் ஆய்ந்த ஆப்பிளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தோழர்கள் கருத வேண்டும். ஒன்றை நம்பச் சொன்னார்கள். மற்றொன்றை அளந்து காட்டினார்கள்.

'எல்லாம் பிறவிக்கூறு, அந்த இனத்துக் குருதியே அப்படி' என்போர் அப்போதும் இருந்தனர். குலத்தைச் சொல்லி நோயை ஏற்கச் செய்வது, தலையெழுத்தைச் சொல்லி ஏற்கச் செய்வதன் மறுபதிப்பே. இதற்கு விடை கடல் கடந்து கிடைத்தது. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் வாழ்ந்த ஜப்பானியர், ஹவாய்த் தீவின் ஹொனலூலுவில் குடியேறிய ஜப்பானியர், கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் குடியேறிய ஜப்பானியர் என மூன்று கூட்டத்தாரை 1960களின் நடுவில் தொடங்கி ஒப்பிட்டு ஆராய்ந்தனர். ஒரே இனம், ஒரே மூதாதையர். ஆனால் தாயகத்தாரிடம் மூளைக் குருதிக்குழாய் நோய் மிகுதி, இதயநோய் குறைவு; கிழக்கே செல்லச் செல்ல இதயநோய் மிகுதி. குருதி மாறவில்லை, கும்பிட்ட சாமியை மாற்றிக்கொண்டதாலும் இது நேரவில்லை. உணவு மாறியது, வாழ்க்கை மாறியது. அதனால் நோய் மாறியது.

தெற்கே ஃபுகுவோகா நகரை அடுத்து ஹிசயாமா என்றொரு சிற்றூர். 1961இல் கியூஷூப் பல்கலைக்கழகத்தார் அவ்வூரில் நாற்பது வயது கடந்தோரைச் சோதித்துப் பதிவு செய்யத் தொடங்கினர். அக்காலத்து ஜப்பானில் இறப்புச் சான்றுகள் பெரும்பாலும் 'குழாய் உடைப்பு' என்றே எழுதப்பட்டன. அடைப்பு மிக அரிது என்று தோன்றியது. மேலைநாட்டு அறிஞர் இதை ஐயுற்றனர். ஐயத்தைத் தீர்க்க என்ன செய்வது? வெப்ஃபர் செய்ததையே செய்தனர்: இறந்தோரைத் திறந்து பார்த்தனர். இறந்த ஐவரில் ஏறத்தாழ நால்வரின் உடலை, ஆராய்ச்சிக்காகக் குடும்பத்தார் ஒப்படைத்தனர். முன்னோரின் உடலைப் புனிதமாகப் போற்றும் நாட்டில், உழவர் குடும்பங்கள் செய்த ஈகை இது! உடைப்பு என்று எழுதப்பட்ட சாவுகளில் பல, உண்மையில் அடைப்பு என்பது அப்போது விளங்கிற்று. அவ்வூர்க் குடும்பங்களுக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது.

அறிந்தாயிற்று, ஆனால் அறிவு ஏட்டிலே கிடந்தால் யாருக்குப் பயன்? ஜப்பானின் மெய்யான வெற்றி இங்கேதான் தொடங்குகிறது. நாகானோ மாவட்டத்துச் சாக்குப் பகுதிக்கு, 1945ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வகட்சுகி தோஷிகாசு என்ற அறுவை மருத்துவர் வந்து சேர்ந்தார். தொழிற்சாலை விபத்துகளை ஆராய்ந்ததற்காக, அமைதிப் பாதுகாப்புச் சட்டம் என்ற அடக்குமுறைச் சட்டத்தின்கீழ்ச் சிறைப்பட்டு மீண்டவர் அவர். நோயாளி வரட்டும் என்று மருத்துவமனையில் காத்திருக்கவில்லை. செவிலியரையும் ஊழியரையும் சேர்த்து நாடகக் குழு அமைத்தார். சிற்றூர் சிற்றூராகச் சென்றார். பகலில் மருத்துவம், மாலையில் நாடகம். சொற்பொழிவு கேட்டுத் தூங்கியவர்கள், மேடையில் தங்கள் வாழ்வையே கண்டு சிரித்தார்கள், சிந்தித்தார்கள். நாடகமேடை மக்களைத் திருத்தும் கருவி என்பதைத் தமிழகத்து இளைஞர்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1959இல் யாச்சிஹோ ஊரில், நோயுற்றோர் மட்டுமன்றி ஊர் முழுவதையும் ஆண்டுதோறும் சோதிக்கும் முறை தொடங்கியது.

அகிதாவிலும் அந்தப் போர் மூண்டது. 1963இல் கோமாச்சி யோஷியோ என்ற மருத்துவரின் குழு, அம்மாவட்டத்து இக்காவா ஊரில் பணி தொடங்கியது. அழுத்தம் அளந்தனர், மிகுதியாக உள்ளோரை மருத்துவரிடம் அனுப்பினர், பொதுநலச் செவிலியர் வீடு வீடாக நடந்தனர், உப்பைக் குறைத்துச் சமைக்கும் முறையைக் கற்பித்தனர். இவ்வூரையும், பணி குறைவாக நடந்த அண்டை ஊரையும் பிற்காலத்தில் ஒப்பிட்டபோது, முனைந்து பணி நடந்த ஊரின் ஆடவரிடையே நோய் மேலும் விரைவாகக் குறைந்திருந்தது தெரியவந்தது. இங்கே மற்றோர் உண்மையும் புலப்பட்டது. கொழுப்பு மிகுந்தால் கேடு என்பது மேலைநாட்டுப் பாடம். ஆனால் புரதமும் கொழுப்பும் மிகக் குறைந்த தட்டு, மிகை அழுத்தத்தோடு சேர்ந்தபோது மூளையின் நுண்குழாயை நலிவித்தது என்பது அகிதாவின் பாடம். மிகினும் குறையினும் நோய்.

மருந்தும் வந்தது. அதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேர் அழுத்தத்தைக் குறைப்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல், 1949இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் நோயாளிகளின் கணக்கோடு எழுதினார். 1952இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. பாம்புக்கடிக்கும் பித்துக்கும் பாட்டி வைத்தியமாக இருந்த வேர், அளவுக்கும் சோதனைக்கும் உட்பட்ட பின்னர் உலக மருந்தாயிற்று. பழையது என்பதற்காகப் போற்றவும் வேண்டாம், தூற்றவும் வேண்டாம். சோதித்துத் தேர்வதே முறை. மருந்து இருந்தும் வாங்கக் காசில்லாவிடில் என்ன பயன்? 1961இல் ஜப்பானிய அரசு எல்லா மக்களுக்கும் மருத்துவக் காப்பீட்டை விரிவாக்கியது. 1983 முதல், நாற்பது வயது கடந்தோர்க்குச் சோதனை நடத்துவது நாடெங்கும் உள்ளாட்சிகளின் கடமையாயிற்று.

விளைவு? 1965இல் உச்சியைத் தொட்ட சாவு விகிதம், வயதுக்கேற்பச் சீர்ப்படுத்திப் பார்க்கையில், கால் நூற்றாண்டில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. 1981இல் முதற் கொலையாளி என்னும் பட்டத்தை அந்நோய் புற்றுநோயிடம் இழந்தது. 1970களின் நடுவில் நாளொன்றுக்கு 13 கிராமைத் தாண்டியிருந்த சராசரி உப்பு, 2019இல் 10 கிராம் அளவுக்கு இறங்கியது. உலக நலவாழ்வு நிறுவனம் கூறும் 5 கிராமுக்கு அது இன்னும் இருமடங்கு. போர் முடிந்துவிடவில்லை, ஆனால் 'தலைவிதி' தோற்றுவிட்டது.

வெற்றி முழக்கத்தோடு நிறுத்திக்கொண்டால் அது வரலாறு ஆகாது. ஹிசயாமாவின் ஏடுகள் அடுத்த எச்சரிக்கையை எழுதின. 1960களுக்குப் பின் சரசரவென்று குறைந்த நோய், பின்னர் மெல்லவே குறைந்தது. அழுத்தம் அடங்கியது; ஆனால் வயலில் குனிந்தவன் நாற்காலியில் அமர்ந்தான், வண்டியில் சென்றான், தட்டு நிறைந்தது. உடற்பருமனும் கொலஸ்ட்ராலும் ஏறின. 1988இல் அவ்வூராரைச் சர்க்கரை நீர் பருகச் செய்து சோதித்தபோது, நீரிழிவும் அதன் முன்னிலையும் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருந்தன. பஞ்சத்தின் நோய் போய், பெருக்கத்தின் நோய் வந்தது. வடக்கே வறுமை உடைத்த அதே குழாயை, இப்போது சர்க்கரையும் கொழுப்பும் அடைக்கத் தொடங்கின.

2008இல் அரசு புதிய ஆணை பிறப்பித்தது: நாற்பது முதல் 74 வயது வரை உள்ளோர்க்கு இடுப்பளவு எடுக்க வேண்டும், ஆடவர்க்கு 85 செண்டிமீட்டர், பெண்டிர்க்கு 90 செண்டிமீட்டர் எல்லை, மிஞ்சியவர்களுள் அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றில் குறை உடையோர்க்கு அறிவுரை அளிக்க வேண்டும். நல்ல நோக்கந்தான். ஆனால் பயன் என்ன என்று 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டபோது, உடல் எடை சிறிதே குறைந்தது. அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. ஏன்? அறிவுரை எளிது. இரவு வரை வேலை வாங்கும் நிறுவனத்தையும், மலிவான தீனியைப் பெருக்கும் சந்தையையும் விட்டுவிட்டு, இடுப்பை மட்டும் அளந்தால் எப்படிப் போதும்? அகிதாவில் வென்றவர்கள் உழவனைக் கடிந்துகொள்ளவில்லை. அவன் சமையலறைக்குள் சென்றார்கள், மருந்தை அவன் கைக்கு எட்டச் செய்தார்கள்.

இளைஞர்களே! ஒரு நோயின் வரலாறு இது என்று எண்ணி ஏட்டை மூடிவிடாதீர்கள். காற்று என்றனர், குலம் என்றனர், முதுமையின் தேவை என்றனர், கடைசியில் தனிமனிதனின் சோம்பல் என்றனர். ஒவ்வொரு சொல்லும் ஆராய்ச்சியின் வாயிலை அடைத்த கதவு. அக்கதவுகளைத் திறந்தவர்கள் யார்? மண்டையோட்டைத் திறந்து பார்த்த மருத்துவர். பனியில் நடந்து அழுத்தம் அளந்த செவிலி. தந்தையின் உடலை ஆய்வுக்குத் தந்த உழவன். மிசோச் சாற்றில் உப்பைக் குறைத்துப் பார்த்த தாய்.

உங்கள் வீட்டிலும் ஒரு தந்தை, ஒரு தாய் இருக்கிறார்கள். வலி இல்லை, ஆகவே நோயில்லை என்று சொல்வார்கள். மிகை அழுத்தம் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதுதான் அதன் வஞ்சகம். அவர்கள் கையில் கயிறு கட்டும் முன், அழுத்தம் அளக்கும் பட்டையைக் கட்டுங்கள். சாதகத்தில் உள்ள எண்ணைப் பார்க்கும் முன், இந்த எண்ணைப் பாருங்கள். அது மிகுந்திருந்தால், காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.